மாடிப் போர்ஷனில் இரண்டு பேர்

"தனியா இருக்கறவாளுக்கு இந்த ஊர்ல வீடு குடுக்கமாட்டாம்மா. என்கிட்ட கோவிச்சுண்டு என்ன பிரயோஜனம்?" என்றார் கிச்சா.

"கோவிச்சுக்கலை சார்," என்றாள் டெல்பின். உண்மையில் கோபம் வருகிற கட்டத்தை அவள் எப்போதோ தாண்டியிருந்தாள்.

மந்தைவெளி பஸ் டிப்போ பக்கம் ஒரு காபிக்கடை. அதன் வாசலில் நிற்கும் பழைய மொபெட்தான் கிச்சாவின் ஆபீஸ். வயது அறுபதைத் தாண்டிய வீட்டு புரோக்கர். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை எந்த மாடி எப்போது காலியாகும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவரே ஒரு மாதமாக முன்னால் மொபெட்டில் போக, டெல்பின் பின்னால் ஸ்கூட்டியில் போய், தெருத்தெருவாக இரண்டு பேரும் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அசைவம் என்றதுமே ஓனர் கையிலிருந்த சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்திரா நகரில் ஓர் அம்மாள், "ஹஸ்பண்ட் வரட்டும், பேசிக்கலாம்" என்றாள். ஹஸ்பண்ட் இல்லை என்றதும் குரலைத் தாழ்த்தி, "அடப்பாவமே, எப்போ போனார்?" என்று கேட்டாள். யாரும் போகவில்லை, யாரும் வரவே இல்லை என்று அவளுக்கு எப்படி விளக்குவது என்று டெல்பினுக்குத் தெரியவில்லை.

டெல்பினுக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா, அம்மா இல்லை. தம்பி ஆண்ட்ரூ மஸ்கட்டில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு வீடியோவில் வருவான். வெளிநாட்டிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்தவர்களின் மனைவிமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் அடுக்குமாடிகளுக்குப் போய், "தக்காளி என்ன விலை?" "வலது பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லவைப்பாள். அந்த வீடுகளுக்குக் கம்பெனிகளே வாடகை கட்டின. ஓனர்கள் கேட்டதைக் கொடுத்தன. அடையாறு காந்தி நகரில் அவள் வருஷக்கணக்காகக் குடியிருந்த சின்ன ஃபிளாட்டின் ஓனருக்கும் இந்தச் செய்தி எட்டியது. சிங்கப்பூரிலிருந்து போன் செய்தார். "நீங்க தங்கமானவங்க மேடம், அதான் நேர்லயே சொல்லிடலாம்னு," என்று போனில் சொன்னார். கட்டடம் முழுவதையும் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்கிறது. வேண்டுமானால் அவளும் இருக்கலாம், கம்பெனி கொடுக்கிற வாடகையைக் கொடுத்துவிட்டு. அது அவள் கொடுத்துக்கொண்டிருந்ததைப்போல் இரண்டரை மடங்கு.

"வீடு மிகவும் அழகாக இருக்கிறது" என்று அவள் யாருக்கோ சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை, நாளைக்கு அவள் சமையலறையில் நின்றுகொண்டு யாரோ சொல்லிப் பார்க்கப்போகிறார்கள். நினைத்ததும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். தனியாகச் சிரிப்பது கொஞ்ச நாளாக அவளுக்குப் பழக்கமாகிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு இருக்கு," என்றார் கிச்சா, காபியை ஆற்றிக்கொண்டே. "சாந்தோம்ல, கடல் பக்கமா ஒரு சந்து. மர்சலின் டீச்சர்னு பேரு. உங்கவாதான். மாடிப் போர்ஷன் காலி. வாடகை அந்தக் காலத்து வாடகை, ஏத்தத் தெரியாது அவாளுக்கு. டு-லெட் போர்டுகூட மாட்டமாட்டா. மாட்டினா அன்னிக்கே வாசல்ல கம்பெனிக் கார் வந்து நிக்கும்னு பயம்."

"பின்ன என்ன சார், போலாமே?"

"கிறிஸ்டியனா இருக்கணும், ஃபேமிலியா இருக்கணும். ரெண்டு கண்டிஷன். உன்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவன் களுக்கென்று சிரித்துவிட்டான். "எங்கிட்ட ரெண்டுமே இல்ல ஐயரே," என்றான்.

அவன் பெயர் அசோகன். நாற்பதை நெருங்கியவன். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. பெண்கள் விரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன புடவைகளை நாள் முழுக்க மடித்துவைப்பவன். சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தான். குடிசைகளை எடுத்து அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எட்டாவது மாடியில் ஒற்றை அறை வீட்டில் அக்கா ரத்னாவின் குடும்பத்தோடு அவனும் ஒரு மூலையில் கிடந்தான். கடைக்கு வர இரண்டு பஸ். "நான் தூங்கறதே பஸ்லதான் மேடம்," என்றான். சைதாப்பேட்டையிலேயே ஒரு ரூம் கிடைத்தால் போதும் என்று கிச்சாவிடம் வந்திருந்தான். பேச்சிலருக்கு இல்லை என்று அங்கேயும் கதவைச் சாத்தினார்கள்.

கிச்சா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓட்டை சாமான் இரண்டைச் சேர்த்து ஒரு நல்ல சாமானாக விற்றுவிட முடியுமா என்று யோசிக்கிற கடைக்காரரின் பார்வை அது.

"ஒண்ணு சொல்றேன். ரெண்டு பேரும் அடிக்க வரப்படாது. இன்னிக்கு நீ இவளுக்கு ஆம்படையான். நாளைக்கு உனக்கு ரூம் அமைஞ்சா, இவ உன் பொண்டாட்டி. அரை மணி நேரக் கூத்து. போனமா, தலையை ஆட்டினமா, வந்தமான்னு இருக்கணும். அப்பறம் அவன் கடையிலயே தங்கிட்டான், கப்பலுக்குப் போயிட்டான்னு என்ன வேணா சொல்லிக்கலாம்."

"மாட்டிக்கினா?" என்றான் அசோகன்.

"மாட்டிண்டா, இவா யாருன்னே எனக்குத் தெரியாதும்பேன்."

டெல்பின் மறுத்திருக்க வேண்டும். மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் இளவயதை முழுக்கத் தின்ற லேடீஸ் ஹாஸ்டலும், மேல்கட்டிலில் யாரோ புரளும்போதெல்லாம் முகத்தின்மேல் உதிர்ந்த துருவும் நினைவுக்கு வந்தன. "இவர் பேரை மாத்தணுமா சார்?" என்று கேட்டாள்.

"லியோனார்ட்னு வெச்சுக்கட்டும்."

"லியோனாடு," என்று சொல்லிப்பார்த்தான் அசோகன். "நல்லாத்தான் கீது. எங்க பிளாக்ல ஒரு நாய்க்கு லியோன்னு பேரு. பிஸ்கோத்து போட்டா வரும்."

அன்று சாயங்காலமே சாந்தோம் பஸ் ஸ்டாப்பில் நின்று டெல்பின் அவனுக்குச் சிலுவை வரையக் கற்றுக்கொடுத்தாள்.

"மொதல்ல லெஃப்டா ரைட்டா மேடம்?"

"நெத்தி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். மெதுவா. ஈ ஓட்டற மாதிரி பண்ணாதீங்க."

"மேடம்னு கூப்பிட்டுத் தொலைக்காதேடா அங்க," என்றார் கிச்சா.

"பின்ன இன்னான்னு கூப்புடறது?"

கிச்சா மொபெட்டை உதைத்தார்.

சந்தின் கடைசியில் இருந்தது வீடு. மாடிக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. மர்சலின் டீச்சர் கதவைத் திறந்தார். வெளுத்த தலை, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, இப்போதும் கடைசி பெஞ்சுவரை எட்டும் குரல். "எனக்கு மூட்டு வலி, ஏற முடியாது. நீங்களே போய்ப் பாருங்க. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க," என்று சாவியைக் கொடுத்தார்.

மாடியில் அவர்களைப் பார்க்க யாருமில்லை. நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அசோகன் குழாயைத் திறந்து பார்த்தான், கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தான், சுவரில் ஈரம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தான்.

"பீரோவ இந்தாண்ட போடாதீங்க, கதவு இடிக்கும்," என்றான்.

"கட்டிலை?"

"ஜன்னலாண்ட. கடல்காத்து வரும்ல."

"மழை அடிச்சா?"

"அப்ப நவுத்திக்கலாம்."

கட்டிலை நகர்த்த இரண்டு பேர் வேண்டும் என்பது டெல்பினுக்கு அப்போதுதான் உறைத்தது. காந்தி நகர் வீட்டில் அவள் கட்டில், தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இத்தனை வருஷமும் கிடந்தது. வெயிலுக்கும் மழைக்கும் அவள்தான் தலைமாட்டை மாற்றிக்கொண்டாள்.

கீழே இறங்கி வந்தார்கள். டீச்சரின் ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சுரூபம். சுற்றிலும் சீரியல் பல்பு, காலடியில் ஒரு முழம் மல்லிகை. டெல்பின் கையை நெற்றிக்குக் கொண்டுபோவதற்குள் அசோகன் முன்னால் போய் நின்றான். கண்களை மூடிக் கும்பிட்டான். பிறகு வலது கன்னத்திலும் இடது கன்னத்திலும் பட்பட்டென்று போட்டுக்கொண்டான். அமைதியான அந்த ஹாலில் அது கைதட்டல்போலக் கேட்டது. பஸ் ஸ்டாப்பில் படித்த சிலுவை எங்கோ போய்விட்டது. சைதாப்பேட்டையில் எந்தச் சாமியைக் கண்டாலும் அந்தக் கைகள் எதைச் செய்யுமோ அதைச் செய்துவிட்டன.

வாசலில் நின்ற கிச்சா திடீரென்று தென்னைமரத்தில் எத்தனை காய் என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

"பேரு என்ன சொன்னீங்க தம்பி?" என்றார் டீச்சர்.

"லியோ..."

"அசோகன், டீச்சர்," என்றாள் டெல்பின். அவளுக்கே தன் குரல் கேட்டது. "அவர் பேரு அசோகன். நம்ம ஆளு இல்லை."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் அசோகனின் கைகளையே பார்த்தார்.

"உங்க வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?"

"வீட்டுல யாரும் இல்லை டீச்சர்." அன்று அவள் தன்னைப் பற்றிச் சொன்னதில் ஒளிவுமறைவே இல்லாத பேச்சு அது ஒன்றுதான்.

"காபியா தம்பி, டீயா?"

"டீயே குடுங்க டீச்சரம்மா."

டீயைக் குடித்து முடித்ததும், "வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிடுங்க," என்றார் டீச்சர். கிச்சா வெளியே வந்து மொபெட்டை உதைத்தபடி, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கூத்தைப் பாத்ததில்லை," என்றார்.

வெள்ளிக்கிழமை அசோகன் வந்தான். அடுப்பைப் பற்றவைத்தான், பால் பொங்கியதும் ஒரு டம்ளர் குடித்தான், டூட்டிக்கு நேரமாயிற்று என்று கிளம்பினான். டீச்சர் ஜன்னலோரம் இருப்பதைப் பார்த்து, படியில் இறங்கும்போது சத்தமாக, "வரேன். கதவத் தாப்பா போட்டுக்க," என்றான். டெல்பின் தாழ்ப்பாள் போட்டாள். நாள் முழுக்க அந்தக் குரல் அறைக்குள் இருந்தது. அட்டைப் பெட்டிகளைப் பிரித்தபோதும் இருந்தது, தனியாகச் சாப்பிட்டபோதும் இருந்தது. பொழுது சாய்ந்ததும்தான் போயிற்று.

ஆடித் தள்ளுபடி சமயம் என்பதால் முதல் மாதம் தொல்லையில்லை. "அவர் நீங்க தூங்கினப்புறம்தான் வருவார் டீச்சர், விடியறதுக்குள்ள கிளம்பிடுவார்," என்று சொன்னாள். ஆனால் அந்த வீட்டின் சுவர்கள் மெல்லியவை. ஒரே ஒருத்தி நடக்கிற சத்தம் கீழே கேட்கும். அவள் ரங்கநாதன் தெருவுக்குப் போய் ஒரு ஜோடி ஆண் செருப்பு வாங்கினாள். அதைப் படியின் அடியில் விட்டாள். தினமும் இடம் மாற்றினாள், ஒருநாள் நேராக, ஒருநாள் ஒன்றன்மேல் ஒன்றாக. பிறகு சட்டை வாங்கப் போனாள். "சைஸ் என்னக்கா?" என்று பிளாட்பாரக் கடைக்காரன் கேட்டான். அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காற்றில் ஒரு தோளின் அகலத்தைக் காட்டினாள். அடுப்புக்கு முன்னால் திரும்பி நின்ற முதுகு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

புதுச் சட்டை என்று தெரியாமலிருக்கத் திரும்பத் திரும்ப அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். டீச்சரின் பின்கட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற கொடி. கடல்காற்று உள்ளே புகுந்ததும் சட்டை நிமிர்ந்து நிற்கும், கைகளைத் தூக்கும், அவள் பக்கம் திரும்பும். காற்று நின்றால் மடிந்துவிடும். அவள் மொட்டைமாடிக் கட்டையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் நீலம் ஒன்றுதான் வாங்கினாள். பிறகு கட்டம் போட்டது ஒன்று. மூன்றாவது சட்டையை வாங்க எந்தக் காரணமும் இல்லை. அந்தப் பச்சை அவனுக்கு எடுக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

டீச்சர் கீழேயிருந்து கூப்பிட்டு மீன் குழம்பு கொடுப்பார். "தம்பிக்கும் சேர்த்து வெச்சிருக்கேன்." டெல்பின் அவளுக்கு உள்ளதையும் சாப்பிடுவாள், அவனுக்கு உள்ளதையும் சாப்பிடுவாள், வீணாக்க மனம் வராது. மறுநாள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உறைப்பு சரியா இருந்துச்சா அவருக்கு?" என்று டீச்சர் கேட்பார். "சரியா இருந்துச்சாம்." ஒருநாள் ஏதாவது வித்தியாசமாகச் சொல்வோமே என்று, "கத்திரிக்காய்தான் அவருக்கு ஆகாது டீச்சர்," என்றாள். சொன்னபிறகு அது உண்மைபோலவே ஆகிவிட்டது. காய்கறிக் கடையில் கத்திரிக்காயை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள்.

கொட்டிவாக்கத்தில் அவளிடம் தமிழ் கற்றுக்கொண்டவர்களில் மின்ஜி என்ற கொரியப் பெண் ஒருத்தி. அன்றைய பாடம் குடும்பம். மின்ஜி விரலை மடக்கி, "என் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம்," என்றாள். பிறகு புத்தகத்தில் இருந்தபடியே நிமிர்ந்து கேட்டாள். "டீச்சர், உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

"இரண்டு பேர் இருக்கிறோம்," என்றாள் டெல்பின்.

அங்கே பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. யாரும் வீடு கொடுக்கப்போவதில்லை, யாரும் காலி செய்யச் சொல்லப்போவதில்லை. ஸ்கூட்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் அது அவளை உறுத்தியது. திருவான்மியூர் சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றாள். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான்.

செப்டம்பரில் மாதா பிறந்தநாள் வந்தது. "அன்னிக்குத் தம்பி சாப்பிட வந்தே ஆகணும். எத்தனை மாசம்தான் முகத்தைக் காட்டாம இருப்பார்?" என்றார் டீச்சர். டெல்பின் போன் செய்தாள். "லீவு குடுக்கமாட்டானே மேடம்," என்று இழுத்தான் அசோகன். பிறகு, "சரி, அர நாள் கேட்டுப்பாக்கறேன். நீங்க கூப்புடறீங்க," என்றான்.

பூசை முடிந்து டீச்சர் வாழையிலை போட்டார். வஞ்சிரம் வறுவல், கோழி, சாம்பார், பொரியல்.

"உங்களுக்குப் பிடிக்காதுன்னு கத்திரிக்காயே போடலை தம்பி. டெல்பின் சொன்னா."

அசோகன் டெல்பினைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பெரிய இழப்பு தெரிந்தது. "ஆமா டீச்சரம்மா," என்றான். "ஒத்துக்காது."

சாப்பிட்டு எழுந்தபின் டீச்சர் தானாகவே பேச ஆரம்பித்தார். அவருக்கு ஒரே மகள், ஈவ்லின். ஷ்ரவண் என்ற இந்துப் பையனை ரிஜிஸ்தர் ஆபீஸில் கட்டிக்கொண்டு ஒருநாள் இதே ஹாலுக்கு வந்தாள். அந்தப் பையன் மாதாவைப் பார்த்ததும் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாடகம் போட வேற இடம் பாருன்னேன். வெளியே போகச் சொன்னேன்." பதினாறு வருஷமாயிற்று. தாம்பரம் பக்கம் எங்கோ இருக்கிறார்கள். வீடு மாறி மாறிப் போவதாக யாராவது வந்து சொன்னால் உண்டு. "நீங்க அன்னிக்கு வந்து அதே மாதிரி போட்டுக்கிட்டீங்க தம்பி. பயமா இருந்துச்சு எனக்கு. திருப்பியும் அனுப்பிடுவேனோன்னு."

அசோகன் தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டான். கை கழுவ வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

மாடிக்கு வந்ததும் கொடியைப் பார்த்து நின்றான். "இதெல்லாம் யாருது மேடம்?"

"உங்களுது."

அவன் பச்சைச் சட்டையின் காலரைப் பிடித்துத் தோளில் வைத்துப் பார்த்தான். "சைஸு கரீட்டா கீது," என்றான். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எனுக்கு யாரும் சட்ட எடுத்ததில்ல. கடைலேர்ந்து யூனிபாரம் குடுப்பான், அத்தோட சரி."

"எடுத்துக்கங்க."

"வாணாம் வாணாம். இங்கியே தொங்கட்டும். இல்லன்னா டீச்சரம்மா கண்டுபுடிச்சிடும்." சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டு, புடவை மடிக்கிறவனின் கையால் சுருக்கத்தை நீவிவிட்டான். "நீங்க ஒண்ணும் எனுக்கு ரூம் பாக்க வர வாணாம் மேடம். மாம்பலத்துல கடைக்காரனே ஒரு ஹால் புடிச்சி குடுத்துட்டான். ஆறு பேரு. பாய் விரிக்கிற எடம்தான். ஆனா நடந்தே போயிக்கினு வந்துரலாம்."

இனி அவனுக்குக் குடும்பம் தேவையில்லை. "நல்லதுதான்," என்றாள் டெல்பின். அவன் படியிறங்கும்போது, "வரேன்," என்று மட்டும் சொன்னான். டீச்சர் உள்ளே ஜெபத்தில் இருந்தார். கேட்க யாருமில்லாததால் தாழ்ப்பாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் ஒருநாள் காலையில் படியில் சத்தம் கேட்டது. ஒரு காலடி, ஒரு நிறுத்தம், ஒரு பெருமூச்சு. டெல்பின் ஓடிப்போய்ப் பார்த்தாள். மர்சலின் டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார்.

"கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேனே டீச்சர்!"

"இல்லை. நான்தான் வரணும்." உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தண்ணீர் குடித்தார். "ஈவ்லினுக்குப் போன் பண்ணேன் டெல்பின். எடுத்தா. அழுதா. நானும் அழுதேன். அவங்க வீட்டு ஓனரும் வாடகையை ஏத்திட்டாராம், பொங்கலுக்குள்ள காலி பண்ணணுமாம். அவ சின்னப் பொண்ணுக்கு ஸ்கூல் மாத்தி மாத்தி அலுத்துப்போச்சாம். நீ மாடிப் போர்ஷனுக்கே வந்துடுன்னு வாயில வந்துடுச்சு எனக்கு."

டெல்பின் காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட எந்த முகத்தோட கேக்கறதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். ஆனா உங்களாலதான் இது. அவர் செருப்பு கீழே கிடக்கறதைப் பாப்பேன். சட்டை காயறதைப் பாப்பேன். வேற வேற சாமியைக் கும்பிட்டுக்கிட்டு ரெண்டு பேர் சத்தமில்லாம வாழறாங்களே, இதுக்கா என் பொண்ணைத் துரத்துனேன்னு தோணும். பாத்துப் பாத்துத்தான் எனக்கு மனசு வந்துச்சு." டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. எங்கேயும் சமாளிச்சுப்பீங்க. குடும்பமா போய் நின்னா யார் இல்லைன்னு சொல்லப்போறாங்க?"

உண்மை டெல்பினின் நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. நான் ஒருத்திதான் டீச்சர், எனக்கு இந்த ஊரில் யாரும் வீடு தரமாட்டார்கள். சொல்லிவிடலாம். டீச்சர் கோபப்படலாம். அல்லது இரக்கப்பட்டு, இருந்துகொள் என்றே சொல்லலாம், அவர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அப்புறம் அந்தப் போன்? செருப்பையும் சட்டையையும் நம்பிச் செய்த போன் அது. செருப்பில் யாருமில்லை, சட்டையில் காற்றுதான் இருந்தது என்று தெரிந்தபிறகு, தாம்பரத்திலிருந்து பெட்டியோடு வந்து நிற்கிறவர்களை இவர் எந்தக் கண்ணால் பார்ப்பார்? ஒருவேளை இப்போது பார்க்கிற இதே கண்ணால்தான் பார்ப்பாராக இருக்கும். ஒருவேளை இல்லையென்றால்?

ஜன்னலோரம் போட்டிருந்த கட்டிலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"எப்போ வராங்க?" என்று கேட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வரலாம்னு சொல்றா. உங்களுக்கு அதுவரைக்கும் டைம் இருக்கு." டீச்சர் தயங்கினார். "தம்பி ஒண்ணும் வருத்தப்படமாட்டாரே?"

"மாட்டார் டீச்சர்," என்றாள் டெல்பின். "அவர் எதுக்குமே ஒண்ணும் சொல்லமாட்டார்."

டீச்சரை மெதுவாகப் படியிறக்கிக் கொண்டுபோய் விட்டு வந்தாள். கொடியில் அன்றைக்குப் போட்ட சட்டை காய்ந்திருந்தது. எடுத்து மடித்து, தன் சுடிதார்களுக்கு நடுவே வைத்தாள்.

மறுவாரம் மந்தைவெளியில் கிச்சா காபியைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார். "வந்த சீக்கிரத்துல கிளப்பிட்டாளே! சரி விடு. மேற்கு மாம்பலத்துல ஒண்ணு இருக்கு. அந்த அசோகனுக்கு ஒரு போன் போடு. இப்போ ஆக்டிங் நன்னா வந்திருக்குமே அவனுக்கு."

"வேண்டாம் சார். நான் ஒருத்திதான்னே சொல்லிடுங்க."

"சொன்னா கேட்டுக்குள்ளயே விடமாட்டா."

"வெளியிலேயே நின்னு கேக்கறேன்."

கிச்சா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவன் ஏதாவது தப்பா நடந்துண்டானா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லை சார்." அவள் ஸ்கூட்டிச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். "முன்னாடி யாரும் இல்லைன்னா, இல்லை, அவ்வளவுதான். இப்போ ஒருத்தர் இருந்துட்டு இல்லாமப் போற மாதிரி இருக்கு. திரும்ப ஒரு தடவை என்னால ஆகாது."

கிச்சா டம்ளரைக் கீழே வைத்தார். காபிக்குக் காசைத் தானே கொடுத்துவிட்டு மொபெட்டை எடுத்தார்.

மேற்கு மாம்பலத்தில் அந்த வீடு ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்தது. ரயில் போகும்போது கேட் லேசாக அதிர்ந்தது. சொர்ணம் என்ற ஓனர் அம்மாள் கேட்டைப் பாதி மட்டும் திறந்து, அந்த இடைவெளியில் நின்றுகொண்டாள். கிச்சா மொபெட்டோடு எதிர்ச்சாரியில் ஒதுங்கிவிட்டார்.

"யார் யாரும்மா இருப்பீங்க?"

"நான் மட்டும்தான்."

அந்த அம்மாளின் பார்வை டெல்பினின் தோளைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு இன்னும் யாரோ வரவேண்டியிருக்கிறது என்பதுபோல முனைவரை போய், நின்று, தேடியது. டெல்பின் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டின் கம்பியில் கையை வைத்துக்கொண்டு, அந்த அம்மாள் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.